அத்தியாயம் 7: தலையில் அடிபட்டபின் தடுமாறும் கால்கள்

தையல் பிரித்தாயிற்று. கை எலும்பு கூடிவிட்டது. தலைக்குள் கசிந்த இரத்தம் வற்றிவிட்டது என்று ஸ்கேனைப் பார்த்து டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனாலும் கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சட்டென்று திரும்பினால் தரை சாய்கிறது. குனிந்து சிலிப்பரை எடுத்தால் வீடே சுழல்கிறது. "ரத்தம் போன உடம்பு, நல்லா சாப்பிட்டா சரியாயிடும்" என்று அம்மா நாட்டுக்கோழி சூப் வைத்துக் கொடுக்கிறார். சூப் நல்லதுதான். ஆனால் இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் பலவீனத்தால் வருவதில்லை. சாப்பாட்டால் போவதும் இல்லை.

மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அதே விபத்துகளில் தலைக்காயத்தோடு பிழைத்து வீடு திரும்புகிறவர்களும் நிறையப் பேர். பெரும்பாலும் இளைஞர்கள், காலை ஷிப்டுக்குக் கிளம்பி கோப்பெங் சாலை போன்ற இடங்களில் விழுந்தவர்கள். இவர்களுக்கு அடுத்தபடியாக, குளியலறையில் வழுக்கி விழுந்த முதியவர்கள். ஈப்போவில், குறிப்பாகக் குனோங் ராபாட்டிலும் அதைச் சுற்றியுள்ள தாமான்களிலும், இப்படிப்பட்ட ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்காக இந்த அத்தியாயம்.

நாம் நிற்பதற்கு மூளை மூன்று இடங்களிலிருந்து செய்தி வாங்குகிறது: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். மூன்றும் ஒரே செய்தியைச் சொன்னால் நிற்பது நமக்குத் தெரியவே தெரியாது. தலையில் பலத்த அடி விழும்போது செய்தி அனுப்பும் உள்காதும் கெடலாம், செய்திகளைச் சேர்த்துப் பார்க்கும் சிறுமூளையும் மூளைத்தண்டும் கெடலாம், இரண்டுமே கெடலாம். அதனால்தான் ஒரே விபத்தில் அடிபட்ட இருவரில் ஒருவர் "சுத்துது" என்கிறார், மற்றவர் "சுத்தல, ஆனா கால் சொன்ன பேச்சு கேக்கல" என்கிறார். இருவருக்கும் ஒரே பயிற்சி உதவாது.

காரணத்தைத் தேடுங்கள்

மிக எளிதில் சரியாகக்கூடிய காரணத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைத் தெரியாமலேயே மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கிறார்கள். உள்காதில் சுண்ணாம்புச் சத்தாலான நுண்ணிய படிகங்கள் ஒரு மெல்லிய படலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தலையில் அடிபட்டால் அவை பெயர்ந்து, பக்கத்தில் உள்ள அரைவட்டக் குழாய்க்குள் போய்விடலாம். அதன்பிறகு தலையை ஒரு குறிப்பிட்ட பக்கம் சாய்த்தால் போதும், படிகங்கள் உருண்டு, உலகமே சுழல்வதுபோல் இருக்கும். கட்டிலில் புரளும்போது, படுக்கும்போது, எழும்போது, மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுக்க அண்ணாந்து பார்க்கும்போது வரும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அடங்கியபின் ஒருவிதக் குமட்டல் மிஞ்சும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. நோயாளியை உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்து, கண்மணிகள் துடிக்கின்றனவா என்று பார்ப்பார்கள். டிக்ஸ், ஹால்பைக் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1952இல் விவரித்த சோதனை இது. உறுதியானால் அதே கட்டிலில், தலையை நான்கைந்து நிலைகளில் மெல்லத் திருப்பி, படிகங்களை வந்த வழியே வெளியே உருட்டிவிடுவார்கள். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி வகுத்த முறை. பத்து நிமிட வேலை. மாத்திரையும் இல்லை, இயந்திரமும் இல்லை. பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே தீரும். விபத்தால் வந்ததென்றால் இரு காதுகளிலும் இருக்கக்கூடும், திரும்ப வருவதும் அதிகம். அப்போது மறுபடி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

யூடியூப்பைப் பார்த்து வீட்டில் நீங்களே செய்துவிடாதீர்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் உருட்டினால் பலன் இல்லை. அதைவிட முக்கியம், தலையில் அடிபட்டவருக்குக் கழுத்திலும் அடிபட்டிருக்கலாம். கழுத்தெலும்பு பத்திரமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லாமல் யாரும் அவர் தலையைத் திருப்பக் கூடாது.

இரண்டாவது காரணம் உள்காதோ அதன் நரம்போ நேரடியாகப் பழுதாவது. காதைச் சுற்றியுள்ள எலும்பில் விரிசல் விட்டவர்களுக்கு இது வரும்; காது கேட்பதும் குறைந்திருக்கலாம். இவர்களுக்கு நடக்கும்போது கடைப் பெயர்ப்பலகை குதிக்கும், எழுத்து கலங்கும். நின்றால் தெளியும்.

மூன்றாவது, சிறுமூளை. இங்கே சுழற்சி முக்கியமில்லை. கால்களை அகட்டி வைத்து நடப்பார், கோப்பையை எடுக்கப் போகும் கை இலக்கைத் தாண்டிப் போகும், பேச்சு இழுபடும். கண்ணைத் திறந்துகொண்டு பாதங்களைச் சேர்த்து நிற்கும்போதே ஆடுவார். கண்ணை மூடினால் மட்டும் ஆடுகிறவருக்குச் சிக்கல் பாதத்திலிருந்தோ உள்காதிலிருந்தோ வரும் செய்தியில் இருக்கும். இந்த வித்தியாசத்தை நீங்களே கவனித்து டாக்டரிடம் சொல்லலாம். ஆனால் சோதிக்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

மற்றவை சின்னக் காரணங்களாகத் தோன்றும், ஆனால் அடிக்கடி தப்பிவிடும். எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் இறங்குவது. இரட்டையாகத் தெரியும் பார்வை. கழுத்துப் பிடிப்பு. பிறகு மருந்து: வலிப்பு வராமலிருக்கக் கொடுக்கும் பெனிட்டோயின் இரத்தத்தில் அளவு கூடினாலே கால் தள்ளாடும். அதற்காக நீங்களாக நிறுத்திவிட்டால் வலிப்பு வரக்கூடும். இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

காத்திருக்கக் கூடாத தடுமாற்றமும் உண்டு. விபத்து நடந்து சில வாரங்கள் கழித்து, தேறிக்கொண்டு வந்த நடை மறுபடி மோசமாகிறதா? கூடவே தலைவலி கூடுகிறதா, பகலில் அதிகம் தூங்குகிறாரா, ஒரு பக்கம் தளர்கிறதா? மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே மெல்ல இரத்தம் சேர்ந்துகொண்டிருக்கலாம். முதியவர்களுக்கும், இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். நடை கெடுவதோடு மறதியும், அடக்க முடியாமல் சிறுநீர் போவதும் சேர்ந்தால் மூளையில் நீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு நிலைமையிலும் அடுத்த மாத அப்பாயின்ட்மென்டை எண்ணிக்கொண்டிருக்காமல், அன்றைக்கே ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

மயக்க மாத்திரையும் அசையாத உடம்பும்

தலைசுற்றலுக்கு ஸ்டெமெட்டில், சின்னரிசின் போன்ற மாத்திரைகளைக் கொடுப்பார்கள். வாந்தியோடு சுழலும் முதல் சில நாட்களுக்கு அவை வேண்டியவைதான். வாரக்கணக்கில் தொடர்ந்தால் பிரச்சினை. பழுதான காதுக்கு ஈடாக மூளை புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்பதற்கு அதற்குப் பிழையான செய்தி கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்க வேண்டும். மாத்திரை அந்தச் செய்தியையே அமுக்கிவிடுகிறது. அசையாமல் படுத்திருப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. சுழலுமோ என்று பயந்து தலையைக் கழுத்தோடு விறைப்பாக வைத்துக்கொண்டு நடப்பவர்கள் தேறுவது தாமதமாகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் தலையில் அடிபட்ட சிப்பாய்கள் தலைசுற்றலோடு படுத்திருந்தபோது, காது மருத்துவர் டெரன்ஸ் காத்தோர்னும் மறுவாழ்வு மருத்துவர் எஃப். எஸ். குக்சியும் ஒன்றைக் கவனித்தார்கள்: எழுந்து நடமாடத் துணிந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். அதிலிருந்து, கண் அசைவில் தொடங்கி, தலை அசைவு, உட்கார்ந்து குனிதல், நின்று திரும்புதல், பந்து எறிதல், படியேறுதல் என்று படிப்படியாக ஏறும் பயிற்சியை 1940களில் வகுத்தார்கள். இன்றும் பிசியோதெரபிப் பிரிவுகளில் கொடுக்கும் தாள்களில் இருப்பது பெரும்பாலும் அதன் வாரிசுதான்.

வீட்டில் செய்வது

கண்ணையும் தலையையும் சேர்த்துப் பழக்கும் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள். ஒரு வெள்ளை அட்டையில் "அ" என்று கட்டைவிரல் நகம் அளவுக்கு எழுதி, நாற்காலியில் உட்கார்ந்தபடி கைநீளத்தில் கண்மட்டத்தில் பிடிக்க வேண்டும். கண் எழுத்தைவிட்டு நகரக் கூடாது. தலை மட்டும் "வேண்டாம்" என்று ஆட்டுவதுபோல் இடமும் வலமும் சின்னதாகத் திரும்ப வேண்டும். எழுத்து கலங்காமல் தெரியும் வேகம் எதுவோ அதுதான் இன்றைய வேகம். முதலில் 20 வினாடி தாக்குப்பிடித்தால் போதும். ஒரு நிமிடம் வரை மெல்ல ஏற்றலாம். பிறகு "ஆமாம்" என்று ஆட்டுவதுபோல் மேலும் கீழும். உட்கார்ந்து வந்துவிட்டால் நின்று, நின்று வந்துவிட்டால் அட்டையைக் கோடு கோடான திரைச்சீலைக்கு முன்னால் வைத்து.

ஒரு காது செயலிழந்தவர்களுக்காக அமெரிக்க இயன்முறை மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்தப் பயிற்சியை நாளுக்குக் குறைந்தது மூன்று முறை, புதிய பாதிப்பென்றால் மொத்தம் 12 நிமிடம், பழையதென்றால் 20 நிமிடம் செய்யச் சொல்கிறது. மூளையிலும் அடிபட்டவர் அதைவிடக் குறைவாகத் தொடங்கினால் தப்பில்லை. அளவு பார்க்க ஒரு வழி இருக்கிறது. பயிற்சிக்கு முன் "இப்ப எவ்வளவு சுத்துது, பத்துக்கு எத்தனை?" என்று கேளுங்கள். இரண்டு என்றால், முடிந்தபின் நான்கு வரை போகலாம். கால் மணி நேரம் போல ஓய்வெடுத்தால் பழைய நிலைக்கு இறங்க வேண்டும். மாலை வரை இறங்கவில்லையென்றால் அளவு கூடிவிட்டது, நாளைக்குப் பாதியாகக் குறையுங்கள். ஒன்றுமே ஏறவில்லையென்றால் பயிற்சி போதவில்லை.

நிற்கும் பயிற்சிக்கு வீட்டில் சிறந்த இடம் சமையலறை மூலை. முதுகுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சுவர், முன்னால் சாய்வுள்ள கனமான நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அவரோடு சேர்ந்து அதுவும் விழும். பாதங்களைச் சேர்த்து 30 வினாடி. பிறகு ஒரு பாதம் அரையடி முன்னால். பிறகு ஒரு குதிகாலை மற்றக் காலின் விரல்களோடு ஒட்டி. அது வந்தபின் கண்ணை மூடி, அல்லது தலையைத் திருப்பி, அல்லது மடித்த மெத்தையின் மேல் நின்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கண்ணையும் மூடி மெத்தையிலும் ஏற்றி இரண்டையும் ஒரே நாளில் செய்ய வைத்துவிட்டு, "இவனால முடியல" என்று முடிவு கட்டும் அண்ணன்மார்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

நடை ஓரளவு வந்ததும் வாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடந்துகொண்டே நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துச் சொல்லட்டும், அல்லது பசாரில் வாங்க வேண்டிய சாமான்களைச் சொல்லட்டும். மூளைக்காயத்துக்குப் பின் நடப்பதற்கே முழுக் கவனமும் போய்விடும். யாராவது கூப்பிட்டால் அந்த நொடியில் விழுவார்கள். ஆஸ்பத்திரியின் நீண்ட நடைபாதையில் அழகாக நடப்பவர் வீட்டில் விழுவதற்கு இதுதான் காரணம்.

முன்னேற்றத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். தரையில் டேப் ஒட்டி, நாற்காலியிலிருந்து மூன்று மீட்டர் குறியுங்கள். எழுந்து, போய், திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி? ஆரோக்கியமானவர் சாதாரண நடையில் பத்து வினாடிக்குள் அல்லது அதையொட்டி முடித்துவிடுவார். வாரத்துக்கு ஒரு முறை பார்த்து, நாள்காட்டியில் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிசியோவிடம் போகும்போது அந்த நாள்காட்டித் தாள்தான் உங்கள் ரிப்போர்ட்.

பிடிக்கிறவர்கள் கவனத்துக்கு

பாசம் மிகுந்த குடும்பங்களில்தான் நோயாளி நடக்கக் கற்பது தாமதமாகிறது. எழுந்தவுடன் ஒருவர் இந்தக் கை, ஒருவர் அந்தக் கை. உடம்பு ஆடவே விடாவிட்டால் ஆட்டத்தைச் சமாளிக்க மூளை எப்படிக் கற்கும்? மேலும், கையைப் பிடித்தபடி அவர் விழுந்தால் தோள்மூட்டு விலகும், நீங்களும் சேர்ந்து விழுவீர்கள். இடுப்பில் அகலமான துணி பெல்ட் ஒன்றை இறுக்கிக் கட்டி, அவருக்குச் சற்றுப் பின்னால், பலவீனமான பக்கத்தில் நின்று, ஒரு கை பெல்ட்டில் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். கைலி முடிச்சைப் பிடிக்காதீர்கள், அது அவிழ்வதற்கென்றே கட்டப்படுவது. பயிற்சி நேரத்தில் கைலியே வேண்டாம், காலில் சிக்கும். ரப்பர் சிலிப்பரும் வேண்டாம். பின்பட்டை உள்ள செருப்போ, சுத்தமான தரையில் வெறுங்காலோ நல்லது.

எதிர்மாறான சிக்கலும் உண்டு. மூளையின் முன்பகுதியில் அடிபட்டவருக்குத் தன் நிலை தனக்குத் தெரியாது. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுந்து ஓடுவார். இவருக்குச் சமநிலைப் பயிற்சியைவிட, எழுவதற்கு முன் நிதானிக்கக் கற்றுக்கொடுப்பது முக்கியம்: கட்டில் ஓரத்தில் உட்கார், பத்து எண்ணு, பிறகு எழு. பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அதே சொற்களைச் சொல்லுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை மூன்று இடங்களைப் பாருங்கள். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவெல்லாம் சின்ன விளக்கு எரியட்டும். காதும் பாதமும் சரியில்லாதவருக்குக் கண்தான் மூன்றாவது கால், இருட்டில் அதுவும் போய்விடும். குளியலறையில் கைப்பிடியும், உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலியும் வேண்டும். பழைய லயத்து வீடுகளிலும் சில தாமான்களிலும் வாசலை ஒட்டியே திறந்த கால்வாய் ஓடும். அதன்மேல் போட்ட பலகை ஆடினால் முதலில் அதை மாற்றுங்கள்.

வெளியே

வீட்டுக்குள் நிலைத்தபின் வெளியே போக வேண்டும், அதற்குக் குனோங் ராபாட் வசதியான ஊர். கெக் லோக் தோங் குகைக் கோயிலின் பின்புறம் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே குளமும் அதைச் சுற்றி நடைபாதையும் இருக்கின்றன. காலையில் கூட்டம் குறைவாக இருக்கும்போது அந்தப் பாதை நல்ல பயிற்சிக்களம். அங்கேயே கூழாங்கல் பதித்த பாதையும் உண்டு. அதை முதல் மாதத்தில் தொடாதீர்கள். குகைக்குள் படிகளும் மங்கிய வெளிச்சமும் ஈரத் தரையும் இருப்பதால் அது கடைசிப் பாடம். ஈப்போப் பூங்காக்களில் சீன அண்டை வீட்டார் விடியற்காலையில் செய்யும் தாய்ச்சி, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்ல மாற்றும் கலை. முதியவர்கள் விழுவதை அது குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பிசியோ சம்மதித்தால், பின் வரிசையில் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று சேர்ந்துகொள்ளலாம்.

பேரங்காடி வேறு மாதிரி. இரு பக்கமும் அடுக்கிய சாமான்கள், மினுங்கும் விளக்கு, நகரும் படிக்கட்டு என்று கண்ணுக்கு ஓயாமல் அசைவு. உள்ளே போனதும் சுழல்கிறது என்று பலர் சொல்வார்கள். அது பிரமை இல்லை. கூட்டமில்லாத நாளில் ஐந்து நிமிடம், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, ஒரே வரிசை. பசார் மாலாம் அதற்கெல்லாம் பிறகு.

கோயிலுக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் அதிகம். தாராளமாக. பிரகாரம் சுற்றுவது நல்ல நடை. ஆனால் எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்புவதால், வீட்டில் எதிர்ப்பக்கம் திரும்பியும் பழக வேண்டும். அங்கப்பிரதட்சணம் நேர்ந்துகொண்டிருந்தால் முருகன் பொறுத்துக்கொள்வார். காதுப் படிகம் பொறுக்காது. குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலின் தைப்பூசக் கூட்டத்துக்குள் முதல் ஆண்டு போகாமல் இருப்பது நல்லது.

எங்கே போவது, யார் செலவு

தொடர் சிகிச்சைக்கு வட்டார அரசு கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு பைனுன் மருத்துவமனையின் பிசியோதெரபிப் பிரிவுக்கும் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கும் போகலாம். "சுத்துது" என்று மட்டும் சொல்லாமல், எப்போது, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் திரும்பினால் என்று எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும் 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் சேரும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். போலீஸ் புகாரையும் மருத்துவச் சீட்டுகளையும் நீங்கள் பத்திரப்படுத்துங்கள். சொக்சோ 2007இல் தொடங்கிய வேலைக்குத் திரும்பும் திட்டத்தில் மறுவாழ்வுச் சிகிச்சையும் உண்டு. மலாக்காவில் உள்ள துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையத்துக்குத்தான் முன்பு போக வேண்டியிருந்தது. இப்போது ஈப்போ மேரு ராயாவிலேயே சொக்சோவின் நரம்பியல் மறுவாழ்வு மையம் வந்துவிட்டது. தடுமாற்றம் நிலைத்துவிட்டவர்கள் சமூகநலத் துறையில் ஓகேயூ எனும் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக மோட்டார். மூன்று மீட்டரை எட்டு வினாடியில் நடந்துவிட்டார் என்பதற்காக ஓட்டக் கொடுக்காதீர்கள். சந்திப்பில் தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் சுழன்றாலோ, வலிப்பு வந்தாலோ, இரண்டாவது அடி முதலாவதைவிட மோசமாக முடியும். ஏணியில் ஏறுவதற்கும், சிம்பாங் பூலாய்ப் பக்கம் கல் குவாரியில் உயரத்தில் நின்று செய்யும் வேலைக்கும் இதே விதிதான். ஓட்டலாம், ஏறலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை சாவி வீட்டில் வேறொருவர் கையில் இருக்கட்டும்.